படகுக்கு எந்த மெழுகு

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், டிராக்டர் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். படகு வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் பஸ் மாறிப் போக வேண்டும். அப்படிப்பட்ட தெருவில், தை பிறந்த கையோடு, ஒரு குட்டி யானை வண்டியின் முதுகில் கயிறு போட்டுக் கட்டி ஒரு ஃபைபர் படகு வந்து இறங்கியது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் வேலை பார்த்த பகுதியை மூடிய பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தார். இருந்தார் என்றால், வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாரோ, சாயங்காலம் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். இழை விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடாது. நாற்காலியைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். குடிக்கிறவர் இல்லை, அடிக்கிறவர் இல்லை. சும்மா இருந்தார். சும்மா இருக்கிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

அப்போதுதான் அவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன், வீட்டுக்கு வந்தான். மம்சாபுரம் பக்கம் ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தான். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து கண்மாய் கரை முட்ட நின்றது. "அண்ணே, போட்டு ஒன்னு மட்டும் நீங்க கொண்டாங்க. உங்களக் கூட்டுல சேத்துக்கிடுதேன். வலைக்கு ஆளு நான் பாத்துக்கிடுதேன்" என்றான். ஒரு வருடத்தில் என் வீட்டுக்காரரிடம் ஒருவர் வந்து "இதைச் செய்யுங்கள்" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே தூத்துக்குடிக்குப் போய்விட்டார். நான் பஸ்ஸில் போகும்போது சாமியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மீன் நிறையக் கிடைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இவர் மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

படகு வந்து இறங்கிய அன்று நான் கறுப்புச் சேலை கட்டியிருந்தேன். வேலை முடிந்து வந்த களைப்பில் அதன்மேல் சாய்ந்தேன். விலகிப் பார்த்தால் இடுப்பில் சுண்ணாம்புச் சுவரில் உரசியது போல வெள்ளை அப்பியிருந்தது. கை வைத்த இடமெல்லாம் மாவு. பல வருடம் கடற்கரை வெயிலில் கிடந்த படகு அது. ஃபைபருக்கு மேலே பளபளவென்று பூசியிருக்கும் தோலுக்கு ஜெல்கோட் என்று பெயராம். அந்தத் தோல் வெயிலில் வெந்து மாவாக உதிர ஆரம்பித்திருந்தது. அப்படியே விட்டால் உள்ளே இருக்கிற கண்ணாடி நார் வெளியே தெரியும், தண்ணீர் ஊறும், பிறகு நனைந்த அட்டைப்பெட்டி கதைதான் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார். "நல்லா ஒரு தரம் தேச்சு, மெழுகு போட்டு, தண்ணியில எறக்குங்க. அம்புட்டுதான்" என்றாராம். இவர் மனதில் நின்றது மெழுகு மட்டும்தான். தண்ணீரில் இறக்குவதை வழியிலேயே எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார்.

எந்த மெழுகு? தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், படகின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "தேங்காண்ணெயத் தடவுங்க தம்பி. எங்க வீட்டுக் கதவு எத்தன வருஷமா அப்படியே இருக்கு, பாத்திகள்ல" என்றார். மறுத்தால் மனசு கஷ்டப்படும் என்று இவர் படகின் மூக்கில் மட்டும் கொஞ்சம் தடவினார். விடிந்து பார்த்தால் எறும்புச் சாரை ஒன்று தெருவோரத்திலிருந்து படகின் மூக்குக்கு ரோடு போட்டிருந்தது. தெருப் புழுதி முழுக்க அங்கேதான் ஒட்டியிருந்தது. தெருநாய் ஒன்று நின்று நக்கிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. சோப்புத் தண்ணீர் எடுத்துவந்து மறுபடி கழுவினார்.

கடைசியில் நான்தான் ராஜபாளையத்தில், காருக்கு வேண்டிய சாமான் விற்கிற கடை ஒன்றில் போய் நின்றேன். வேலை விட்டு வருகிற நேரம். தலையில் பஞ்சுத் தூசு.

"வண்டி என்ன கலரு மேடம்?"

"வெள்ளை."

"என்ன மாடலு?"

"மாடல் தெரியாது. கம்பு ஊனுனாப் போகும்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். படகு என்று சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். ராஜபாளையத்தில் படகுக்குச் சாமான் கேட்டு வந்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். பிறகு பொறுமையாக எடுத்து வைத்தார். முதலில் காம்பவுண்டு. அது பல்பொடி மாதிரி நறநறவென்று இருக்கும். வெந்த தோலைச் சீவி எடுக்க அது. அதற்கு மேல்தான் மெழுகு. மெழுகில் மூன்று தினுசு காட்டினார். டப்பாவில் கட்டியாக இருக்கிற மெழுகு, பாட்டிலில் ஊற்றுகிற மெழுகு, பீய்ச்சி அடிக்கிற சிலிக்கான். எது நல்லது என்று கேட்டேன். "எல்லாம் நல்லதுதான் மேடம்" என்றார். கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

துடைக்கிற துணிக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சம் இல்லை. கம்பெனியில் பேண்டேஜ் வெட்டும்போது விழுகிற ஓரத்துணியை மூட்டையாகக் கொடுப்பார்கள். மெத்தென்று இருக்கும், கீறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் படகைக் கவிழ்த்துப் பழைய டயர்கள்மேல் போட்டு, காம்பவுண்டைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையைத் தேய்த்தால் வெள்ளைதான் வந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. பிறகு துணியால் ஒரு துடை துடைத்தார். அந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த பச்சைச் சேலை தெரிந்தது.

"ஏட்டி, இங்க பாரேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாள் ஆகியிருந்தது! எதிர்வீட்டு அக்காவும் வந்து பார்த்து, சந்தோஷம் வந்தால் அவருக்குத் தானாக வருகிற தெலுங்கில், "பாகுந்தி, பாகுந்தி" என்றார். அன்று மத்தியானம் நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். படகு சீக்கிரம் தண்ணீருக்குப் போய்விடும் என்று நம்பினேன்.

போகவில்லை. மாசி வந்தது. படகு முழுக்கப் பளபளத்தது. அதற்கு மேல் எந்த மெழுகைப் பூசுவது என்ற விசாரணை மட்டும் முடியவில்லை. கைபேசியில் வெளிநாட்டு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். கடலில் உப்பு எதிரி, நமக்கு வெயில்தான் எதிரி, அதனால் வெயில் தாங்குகிற மெழுகு வேண்டும் என்றார். சரிதான். சிலிக்கான் சீக்கிரம் மினுக்கும், ஆனால் நாளைக்கு ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போட வராது, பிசின் பிடிக்காது என்றார். அதுவும் சரி. பாட்டில் மெழுகு பூச லேசு, சீக்கிரம் போய்விடும். கட்டி மெழுகுதான் நிற்கும். அதையும் ஒத்துக்கொண்டேன். கட்டி மெழுகு வாங்கிக் கொடுத்தேன். வீடியோவில் வெள்ளைக்காரர் பூசிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து நிதானமாகத் துடைத்தார். எங்கள் தெரு வெயிலில் பூசிய கை எடுப்பதற்குள் மெழுகு இறுகிவிட்டது. துடைத்தால் வரவில்லை. கரண்டியால் சுரண்ட வேண்டியதாயிற்று. அப்புறம் தார்ப்பாய் கட்டி நிழல் செய்தார். நிழலில் மறுபடி பூசினார். திட்டுத் திட்டாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டு மறுபடி பூசினார். தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரைப் படகின்மேல் ஊற்றி, அது முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஓடும். ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு கோட்டு போட்டுருவோம்" என்பார்.

"தேருக்குக்கூட இம்புட்டு அலங்காரம் பண்ணதில்ல" என்று தெருவில் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவர்கள் பேசட்டும் என்று விடலாம். எனக்குள்ளே ஓடிய பேச்சைத்தான் நிறுத்த முடியவில்லை. கம்பெனியில் துணி மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கும். நான் கண்மாய்த் தண்ணீரை நினைத்துக்கொண்டிருப்பேன். நேற்று எவ்வளவு இருந்திருக்கும், இன்று எவ்வளவு இறங்கியிருக்கும்? ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டே போகும். மடையைத் திறந்து வயலுக்கு வேறு தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடி வைத்துவிடுவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவது?

கொழுந்தன் வாரம் தவறாமல் வந்தான். வரும்போதெல்லாம் அவன் கால்சட்டையில் சேறு உலர்ந்திருக்கும். "அண்ணே, மெழுகு எதா இருந்தா என்ன? மீனு வந்து மொகம் பாக்கவா போகுது?" என்பான். இவர் துணியை மடித்துத் துடைப்பார். அவன் என் பக்கம் திரும்பி, "மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க. தண்ணி யாருக்காவும் காத்துக் கெடக்காது" என்பான்.

நான் என்ன சொல்வது? எனக்குக் காரணம் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் பயம். கல்யாணமான புதிதில் திருச்செந்தூர் போயிருந்தோம். எல்லோரும் அலையில் குதித்துக்கொண்டிருக்கும்போது இவர் கணுக்கால் தண்ணீரில் நின்று, கொண்டுபோன சொம்பால் கடலை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு உப்புத் தண்ணீர் கண்ணில் படக் கூடாது என்றார். சொம்பில் வந்தால் மட்டும் உப்பு போய்விடுமா? அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நான் கான்சாபுரத்துக்காரி. பாவாடையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பம்புசெட் கிணற்றில் குதித்து வளர்ந்தவள். எனக்குத் தண்ணீரும் தரையும் ஒன்றுதான். பெண்டாட்டிக்கு நீச்சல் தெரியும், தனக்குத் தெரியாது என்பதை எந்தப் புருஷன் வாய்விட்டுச் சொல்வான்? கொழுந்தன் கூப்பிட்டபோது மறுக்க மனமில்லை. படகு வாங்குகிற வரைக்கும் துணிச்சல் இருந்தது. மிச்சத் தூரத்தை மெழுகைப் போட்டு நீட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் உடைந்துவிடுவார் என்று நானும் வாயை மூடிக்கொண்டு துணி மூட்டையை மட்டும் தூக்கி வந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் கொழுந்தன் வந்து உட்காராமலே பேசினான். "வெள்ளிக்கெழம வலை போடுறோம்ணே. போட்டு வந்தா வரட்டும், வராட்டி நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிடுதேன்." அவனைக் குறை சொல்ல முடியாது. குத்தகைக்காரனுக்குத் தண்ணீர் இறங்குவது கண்ணெதிரே வீடு எரிகிற மாதிரி.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் நான் லீவு போட்டேன். படகைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைக் கழுவினோம். எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் பூஜைக்கு நிறுத்தும்போது சீட்டு, மட்கார்டின் உள்பக்கம், கால் வைக்கிற இடம் எல்லாம் துடைத்து மினுங்க வைத்துவிட வேண்டும். வெளியே ஒரு மாதிரி உள்ளே ஒரு மாதிரி சாமி முன்னால் நிறுத்தக் கூடாது. படகுக்கும் அதேதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது. மிச்சமிருந்த மெழுகையெல்லாம் உள்தரையில் பூசினோம். உட்காருகிற பலகையில் பூசினோம். விளிம்பில் பூசினோம். அவர் துடைத்துக்கொண்டே போக நான் பின்னாலேயே மறுபடி துடைத்துக்கொண்டு வந்தேன். தரை அப்படி ஜொலித்தது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, இதில் போய் மீனைப் போடவா என்று கேட்டார். அத்தனை பேர் வந்து பார்த்தார்கள். கால் வைக்கிற இடத்தில் மெழுகு எதற்கு என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கடலோரத்தில் பிறந்த குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.

மறுநாள் கண்மாய்க் கரையில் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழம் வைக்கிற இடத்தில் சிக்கல் வந்துவிட்டது. வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றலாம். சக்கரம் இல்லாததற்கு எங்கே வைப்பது? மூக்குக்கு அடியில் வை என்றார் ஒருவர், தண்ணீரில் விடு என்றார் இன்னொருவர். கொழுந்தன் பொறுமை இழந்து, படகை ஏற்றி வந்த குட்டி யானையின் நாலு சக்கரத்துக்கும் வைத்துவிட்டான். டிரைவர் வண்டியை முன்னால் எடுத்து நசுக்கிவிட்டு, தனக்கும் ஒரு பூஜை ஆயிற்று என்று சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. வெளுத்துப்போய் நின்றார். நான் ஓரிடத்தில் நிற்க முடியாமல் கரையில் போவதும் வருவதுமாக இருந்தேன்.

படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். "மொதல்ல அண்ணன்தான்" என்றான் கொழுந்தன். இவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். வைத்த கால் வைத்த இடத்தில் நிற்கவில்லை. சர்ரென்று எதிர்ப்பக்கம் ஓடியது. பிடித்திருந்த விளிம்பிலும் மெழுகுதானே, கையும் வழுக்கியது. உள்ளே விழுந்து, படகு சாய்ந்து, வெளியே தண்ணீரில் குப்புற விழுந்தார். முழங்கால் தண்ணீர்தான். எழுந்து நிற்கலாம். அவருக்கு அது தெரியவில்லை. கையையும் காலையும் அடித்துக்கொண்டு, வாயில் சேற்றுத் தண்ணீரோடு, "பிடி, பிடி" என்று கத்தினார். நான் ஓடினேன். எனக்கு முன்னால் கொழுந்தன் தூக்கி நிறுத்திவிட்டான். வலைக்காரர்களில் யாரோ களுக்கென்று சிரித்தது என் காதில் விழுந்தது. இவர் காதிலும் விழுந்தது. முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்ததைக்கூடப் பார்க்காமல் ஈரத்தோடு நடந்துபோய் பைக்கை எடுத்தார். என்னை ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில் இருந்தார்.

அடுத்த வாரம் கொழுந்தன் ஃபோனில் மரியாதையாகத்தான் பேசினான். "மதினி, அண்ணன் கஷ்டப்பட வேண்டாம். போட்டு இங்கயே கெடக்கட்டும். நான் ஒரு ஆள் போட்டு ஓட்டிக்கிடுதேன். அவியளுக்கு உள்ள பங்கக் குடுத்துருவேன்." நியாயமான பேச்சு. கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. இந்த மனுஷன் உட்கார்ந்தே இருந்தால் பங்கு வரும் என்றால், பிறகு எழுந்திருப்பாரா? "ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. கம்பெனியில் இரண்டு தடவை பழுதுள்ள துணியை நல்ல துணியோடு போட்டுவிட்டுத் திட்டு வாங்கினேன்.

ஞாயிறு காலையில் ஒரு பையில் பாத்திரம் விளக்குகிற சோப்பு, தேங்காய் நார், முரட்டு உப்புத்தாள், கொஞ்சம் கயிறு எல்லாம் எடுத்துப் போட்டேன். காலி எண்ணெய்க் கேன் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் நாற்காலியிலிருந்து.

"கம்மாய்க்கு. போட்டு தரையச் சொரண்டப் போறேன். உப்புத்தாள் வாங்கியாந்திருக்கேன்."

பத்து நாளாக அசையாத முகம் அசைந்தது. "கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு? மெழுகு பூராம் போயிரும்!"

"போகட்டும். வழுக்குற எடத்துல மெழுகு எதுக்கு?"

"அந்தத் தோலக் கொண்டுவர நான் எம்புட்டுப் பாடு பட்டேன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். கூட நின்னவ நான்தான்." சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன். தெரு முனையைத் தாண்டவில்லை, பின்னால் பைக் சத்தம் கேட்டது. "ஏறு" என்றார். பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

கண்மாய் வற்றி நடுவில் மட்டும் ஆழம் இருந்தது. கரையில் ஆள் இல்லை. வலைக்காரர்கள் விடியக்காலையில் ரப்பர் டியூபில் போய் ஒரு வலையைக் கட்டிவிட்டு, மறுபடி வெயில் தாழ வருவதாகப் போயிருந்தார்கள். படகு சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வெளிப்பக்கம் அப்படியே பளபளத்தது. ஏறி உட்கார்ந்து சோப்பும் நாரும் போட்டு மெழுகைக் கழற்றினேன். பிறகு உப்புத்தாளை எடுத்தேன். முதல் கீறலுக்கு இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வேண்டுமென்றே சத்தமாகத் தேய்த்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பொறுக்க முடியவில்லை. "ஒரே பக்கமாத் தேய்க்காத. வட்டமாத் தேய். ஒரு எடம் பள்ளமாப் போயிரும்." நான் அப்படியே தேய்த்தேன். "தள்ளு" என்று சொல்லி உள்ளே ஏறி என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினார். படகு கரையில்தான் கிடந்தது என்றாலும், அவர் அதற்குள் ஏறியிருந்தார்.

மாதக்கணக்கில் மினுக்கிய கையால் தேய்த்தார். தரை மங்கி, கரும்பலகை மாதிரி சொரசொரப்பானது. தேய்த்துக்கொண்டே, நிமிராமல், "எனக்குத் தண்ணின்னா ஆகாது" என்றார்.

"தெரியும்."

"எப்பமிருந்து?"

"திருச்செந்தூருல சொம்பத் தூக்கிட்டுப் போனியள்ல, அப்பமிருந்து."

தேய்ப்பது நின்றது. "பொறவு ஏன் நீ சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவர் உள்ளங்கையால் தூசியைத் தட்டிவிட்டு, தரையில் காலை ஊன்றி நின்று பார்த்தார். இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். கால் நின்றது. அப்போது நான் எண்ணெய்க் கேனை எடுத்தேன். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்குக் கட்டுகிற மாதிரி, மூடியை இறுக்கி, அவர் முதுகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். "யாராச்சும் பாத்தாச் சிரிப்பாக" என்றார். "சிரிச்சு முடிச்சாச்சு, இனிமே என்ன?" என்றேன். கையைத் தூக்கிக்கொண்டு கட்ட விட்டார். கொம்பில் கயிறு சுற்றும்போது மாடு நிற்குமே, அப்படி நின்றார்.

படகைத் தண்ணீருக்குத் தள்ளியது இரண்டு பேரும்தான். ஏறியதும் அவர் நடுத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் நின்று படகில் கிடந்த கம்பை ஊன்றினேன். எனக்கு நீச்சல்தான் தெரியும், படகு தெரியாது. ஊன்றினால் முன்னால் போகாமல் ராட்டினம் மாதிரி சுற்றியது. "நேரா, நேரா" என்று கத்தினார். "நேராத்தான் ஊனுறேன், ஒங்க போட்டுக்குத்தான் கோணப் புத்தி" என்று நானும் கத்தினேன். மெல்ல மெல்லப் பிடிபட்டது. கரை விலகியது. கம்பு இடுப்பளவு முங்கியது, பிறகு ஆளளவு முங்கியது. அவர் கழுத்து நரம்பு தெறித்து நின்றது. உதடு எதையோ முணுமுணுத்தது. விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. போதும், இவ்வளவு தூரம் வந்ததே போதும், இதற்கு மேல் இந்த மனுஷனை வதைக்கக் கூடாது என்று நினைத்தேன். கட்டியிருந்த வலையின் மிதவைகள் பக்கத்தில் தெரிந்த இடத்தில் கம்பை மாற்றி ஊன்றி, படகைக் கரைப்பக்கம் திருப்பினேன்.

"ஏன் திருப்புத?"

"போவோம். வெயில் ஏறிருச்சு."

அவர் மிதவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வலை ஓரிடத்தில் துடித்தது. தண்ணீர் சளக்கென்று மேலே தெறித்தது. மறுபடி தெறித்தது. நல்ல கனமான மீனாக இருக்க வேண்டும்.

"பக்கத்துல விடு" என்றார்.

விட்டேன். இடது கையை விளிம்பிலிருந்து எடுத்தார். தண்ணீருக்கு மேலே நீட்டி, மிதவைக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஒரு கையால் வராது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கம்பை இறுக்கி ஊன்றிப் படகை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

வலது கையையும் எடுத்தார்.